தாய்ப்பாலும் சமூகக் கடமையும்



1939ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், தாய்ப்பாலை விடுத்துச் சிசுக்களுக்கு இனிப்பூட்டிய டின்பாலைப் புகட்டத் தூண்டுதல் கொலைக்கு ஒப்பாகும் என இடித்துரைத்தார். உலகத் தாய்ப்பால் வாரத்தை ஒருங்கிணைத்துவரும் உலகக் கூட்டணியின் தலைமையகம் பினாங்கில் உள்ளது.

பிள்ளை பருகப் பருகவே பால் சுரக்கும். “பால் போதவில்லை” என்னும் பேச்சுக்கு அஞ்சிப் புட்டிப்பாலை நாடினால் சுரப்புக் குறையும். ஆதலின் இளந்தாய்க்கு வேண்டுவது குறைகூறும் நாவன்று. சமைத்துக் கொடுக்கும் கை, மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அண்டை வீடு.

தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி முதல் பேறுகால விடுப்பு 98 நாள்களாக உயர்ந்தது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே ஊட்ட அது போதாது. எஞ்சிய பாரத்தைச் சமூகமே தாங்குதல் வேண்டும். திருவிழா நாளில் மண்டபத்தருகே மறைவான ஓர் அறையும், நாற்காலியும், குடிநீரும் அமைத்துத் தருவதும் அம்மைக்குச் செய்யும் திருத்தொண்டேயாகும்.