அட்வான்ஸ்: கழியுமா, திரும்புமா?

(பிள்ளை மடுவத்தில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

இன்று வாடகை வீடு எடுப்பதைப் பற்றிப் பேசப் போகிறோம். "லயத்துல இருக்கிற நமக்கு எதுக்கு வாடகைக் கதை?" என்று பின்னால் ஒரு பெரியவர் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து லயக் காம்பராவுக்கு நாம் வாடகை கட்டிப் பழக்கமில்லை. ஆனால் இன்று நம் பிள்ளைகள் கொழும்பு, வத்தளைப் பக்கம் கடைகளிலும், கட்டுநாயக்காவில் கார்மென்டிலும் வேலை செய்கிறார்கள். பிள்ளையின் படிப்புக்காக அட்டன் டவுனில் அறை எடுத்தவர்களும் இருக்கிறார்கள். பழக்கம் இல்லாததால்தான் ஏமாந்து நிற்கிறோம்.

நம் தோட்டத்தில் அட்வான்ஸ் என்றால் தீபாவளி அட்வான்ஸ். தோட்டம் முன்கூட்டிக் கொடுக்கும், பிறகு மாதா மாதம் சம்பளத்தில் கழிக்கும். அதனால் டவுனில் வீட்டுக்காரர் "அட்வான்ஸ் குடுங்க" என்றால், அதுவும் வாடகையில் கழியும் என்றே நினைத்து விடுகிறோம். அங்கே அந்த ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, வாடகையில் கழிகிற பணம். மற்றது, வீட்டை விடும்போது திருப்பித் தர வேண்டிய டெபாசிட். கீ மணி என்றும் சிலர் சொல்வார்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மகனுக்கு அறை எடுக்க அம்மா தன் தோட்டை அடகு வைத்தார். வாடகை மாதம் 12,000 ரூபாய், அட்வான்ஸ் 72,000. ஆறு மாதத்துக்கு வாடகை இல்லை என்று நிம்மதியாக இருந்தார்கள். மூன்று மாதம் முடிந்ததும் வீட்டுக்காரர் வந்து, "வாடகை எங்கே? அது டெபாசிட் அல்லவா?" என்றார். யார் பொய் சொன்னார்கள் என்று நாங்களும் விசாரித்துப் பார்த்தோம். ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஒரே சொல்லை இரண்டு விதமாக விளங்கிக் கொண்டார்கள், அவ்வளவுதான். தம்பி அறையை விட்டான். மூன்று மாத வாடகை போக 36,000 வர வேண்டும். கிடைத்தது 20,000. மிச்சத்தை பெயின்ட் அடிக்க, கரண்ட் பில் கட்ட என்று பிடித்துக் கொண்டார்கள். கையில் ஒரு துண்டுப் பேப்பர் இல்லை, எதைக் காட்டிப் பேசுவது? தோடு இன்னும் அடகுக் கடையில்தான்.

பாதி கழிகிற ஏற்பாடும் உண்டு. அதே 72,000 கொடுத்து, மாதம் 3,000 கழித்து, 9,000 கட்டுகிறோம் என்று வையுங்கள். 24 மாதத்தில் அட்வான்ஸ் தீர்ந்து விடும். பத்தாம் மாத முடிவில் வீட்டை விட்டால், கழிந்தது 30,000, திரும்பி வர வேண்டியது 42,000. இந்தக் கணக்கைப் பணம் கொடுக்கும் முன்பே வீட்டுக்காரர் முன்னால் எழுதி, இருவரும் பார்த்துக் கொள்ள வேண்டும். பற்றுச்சீட்டில் வெறுமனே "அட்வான்ஸ்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். கழியுமா, திரும்புமா, எத்தனை நாளில் திரும்பும் என்றும் எழுத வேண்டும்.

சாவி வாங்குகிற அன்றே கரண்ட் மீட்டர், தண்ணீர் மீட்டர் இலக்கத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். உடைந்த ஜன்னல், ஒழுகும் பைப் இருந்தால் அதையும் எழுதுங்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள். நாளைக்கு அது உங்கள் தலையில் விழக் கூடாது. தரகருக்குக் கொடுக்கிற கூலி வேறு. அது அட்வான்சில் சேராது, திரும்பியும் வராது. வீடு காட்டுகிறவர் உண்மையான சொந்தக்காரர்தானா என்றும் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

ஒப்பந்தம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுத வேண்டும். ஒரு வருடம், இரண்டு வருடம் என்று பேசிவிட்டு சும்மா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால், அது குத்தகையாகச் செல்லாது. ஆனாலும் பணம் கொடுத்ததற்குச் சாட்சியாக அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். சிங்களத்திலோ இங்கிலீசிலோ எழுதியிருந்தால், தமிழில் வாசித்துச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணம் திரும்பாவிட்டால் நேரே கோட்டுக்கு ஓட வேண்டியதில்லை. 1988 இல் வந்த சட்டப்படி மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. அங்கே வக்கீல் பேச முடியாது, நீங்களே பேசலாம். அங்கேயும் பேப்பரைத்தான் முதலில் கேட்பார்கள்.

முன் வரிசையில் ஒரு அக்கா கேட்கிறார்: "ரசீது தர மாட்டேன்னு சொன்னா?" அப்படியானால் கையில் காசு கொடுக்காதீர்கள் அக்கா. வீட்டுக்காரரின் பேங்க் கணக்கில் போட்டு அந்தச் சீட்டை வையுங்கள். அதற்கும் ஒத்துக் கொள்ளாவிட்டால், அந்த அறை வேண்டாம்.

ஒப்பந்தத் தாள் கையில் கிடைத்ததும், கையெழுத்துக்கு முன்னால் எங்கள் ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, பின்னேரம் வந்தாலும் பரவாயில்லை. உட்கார்ந்து வாசித்துப் பார்ப்போம்.