பாட்டியின் ஆழாக்கைத் தராசில் ஏற்றுவோம்!

('சமையலுக்கு வேண்டியது கைப்பக்குவமா, தராசா?' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி மன்றத்தில், தராசு அணிக்காக ஜாலான் புசார் இல்லத்தரசி ஒருவர் ஆற்றிய உரை.)



எனக்கு முன் பேசிய அம்மா, "எங்க பாட்டி தராசு வைத்தா பாதாம் பர்பி கிண்டினார்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். பாட்டி தராசு வைக்கவில்லைதான். ஆனால் அளக்காமல் செய்யவில்லை, நடுவர் அவர்களே! ஆழாக்கு, உழக்கு, படி எல்லாம் வைத்திருந்தார். அந்தப் படியும் ஊருக்கு ஊர் வேறு.

இந்தியா 1956ல் சட்டம் இயற்றி மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது. கட்டிக் கணக்கில் வாங்கிய சிங்கப்பூரும் 1970களில் கிலோவுக்கு மாறியது. கடை மாறிவிட்டது, நம் சமையல் குறிப்பு மட்டும் டம்ளரிலேயே நிற்கிறது. ஜாலான் புசாரிலிருந்து தேக்காவுக்கு நடந்து போனால், முந்திரியும் பாதாமும் கிராம் கணக்கில்தான் பாக்கெட்டில் இருக்கின்றன. கையில் உள்ள குறிப்போ 'ஒரு கப்' என்கிறது. எத்தனை கிராம் வாங்குவது?

அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுப் பட்டியலைப் பாருங்கள். ஒரு கப் முழுப் பாதாம் 143 கிராம். மெல்லியதாகச் சீவிய பாதாம் 92 கிராம். பொடித்தது 95 கிராம். அதே கப், அதே பாதாம்! சீவிய துண்டுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதால் இடைவெளி கூடுகிறது. பொடிக்குள் காற்று புகுந்துகொள்கிறது. கப்பைத் தட்டினால் இறங்கும், தட்டாவிட்டால் குவிந்து நிற்கும்.

'பொடித்த பாதாம் ஒரு கப்' என்பதும் 'ஒரு கப் பாதாமைப் பொடிக்கவும்' என்பதும் காதுக்கு ஒன்றுதான். தராசுக்கு ஒன்றல்ல! இரண்டாவதில் பருப்பு ஒன்றரை மடங்கு. சர்க்கரையும் நெய்யும் அப்படியே இருக்க, பர்பி வில்லையாக வராமல் உதிராதா?

"எல்லாவற்றையும் ஒரே டம்ளரால் அளந்தால் போதுமே" என்பார்கள். உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது அந்த வீட்டில், அந்த டம்ளர் இருக்கும்வரைதான். மகள் வீட்டில் இருப்பது 250 மில்லி கப்பா, 240 மில்லி கப்பா, ரைஸ் குக்கரோடு வந்த 180 மில்லி கப்பா, யார் கண்டது? எந்தக் கப்பானாலும், நூறு கிராம் பாதாமை உடைத்தாலும் பொடித்தாலும் நூறு கிராம்தான்.

தராசு கைப்பக்குவத்துக்கு எதிரியல்ல. பாகு பதம் பார்ப்பது கைதான். பருப்பை அளப்பது தராசு. வழி எளிது. வெறும் டம்ளரைத் தராசில் வைத்து முள்ளைப் பூஜ்யமாக்குங்கள். அம்மா வழக்கமாக அளப்பதுபோலவே அளக்கச் சொல்லுங்கள். மூன்று முறை நிறுத்துச் சராசரி எடுங்கள். முழுசா, உடைத்ததா, பொடியா, பச்சையா, வறுத்ததா, தலை தட்டியதா, குவித்ததா என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அதையும் அம்மா அடுப்படியில் நிற்கும்போதே செய்யுங்கள். அவர் போனபின் டம்ளர் மிஞ்சலாம்; அதை அவர் தலை தட்டி அளந்தாரா, குவித்து அளந்தாரா என்று டம்ளர் சொல்லாது. எழுதி வைத்த கிராம் சொல்லும். எனவே தராசே வேண்டும் என்று கூறி அமர்கிறேன்.