குடிநோயரும் ஊர்க்கடனும்



விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை அடுத்துக் கடலோரத்தே எக்கியார்குப்பம் என்றொரு மீனவச் சிற்றூர் உண்டு. 2023 மே மாதம் அங்கு விற்கப்பெற்ற நச்சுச் சாராயம் விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் 14 உயிர்களைக் குடித்தது. அடுத்த ஆண்டு சூன் மாதம், 2019 வரை இதே மாவட்டத்தின் பகுதியாய் இருந்த கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஈரிடத்தும் கொன்றது மெத்தனால்.

அந்நஞ்சு உடனே கொல்வதில்லை. ஈரலிற் சென்று எறும்புக்காடியாக மாறிக் கண்ணரம்பைத் தாக்கப் பல மணிநேரம் ஆகும். அவ்விடைவெளியில் மருத்துவமனை சேர்ந்தால் பலரைப் பிழைப்பிக்கலாம். மாற்றுமருந்தும் உண்டு, குருதியைத் தூய்மை செய்யும் கருவியும் உண்டு. ஆனால் குடித்தவன் வாய் திறப்பானா? திறந்தால் ஊர் இகழும், காவலர் கேட்பர், மனைவி தலைகுனிவாள். வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்கின்றான். சாராயம் பாதி கொல்ல, நாணம் மீதியைக் கொல்கின்றது.

இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து இலக்கம் உருவா என அரசு அறிவித்தபோது, ‘குடித்துச் செத்தவனுக்கா?’ என்ற கூக்குரல் எழுந்தது. கேள்வி நேர்மையானதுபோல் தோன்றும். அப்பணம் போய்ச் சேர்வதோ குடிக்காத பெண்டிர்க்கும் பள்ளி செல்லும் பிள்ளைகட்கும்! 1983-இல் தோன்றிய தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகின்றது. விற்பவர்க்கு அரசு முத்திரை. குடிப்பவனுக்கு மட்டும் ‘குடிகாரன்’ என்னும் இழிபெயர். இஃது என்ன முறை?

குடிநோயர் என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருக்கின்றது. அதை வழங்கினால் என்ன? நோயர் என்றால் மருத்துவம் நினைவுக்கு வரும். குடிகாரன் என்றால் விளக்குமாறுதான் நினைவுக்கு வரும். 2019-இல் வெளிவந்த நடுவணரசின் ஆய்வு, குடிக்கு அடிமைப்பட்டோருள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் மருத்துவம் பெற்றதாகக் காட்டுகின்றது. மற்ற 37 பேரை மறைத்து வைத்திருப்பதில் அவ்விழிபெயருக்கும் பங்குண்டு.

வள்ளுவர் கள்ளுண்ணாமையை 93-ஆம் அதிகாரமாக வைத்தார். இடையே சூது; அதைக் கடந்தால் மருந்து. ஆங்கே மருத்துவத்தை நான்கு கூறாக்குமிடத்து நோயர், மருத்துவர், மருந்து என்பவற்றோடு நில்லாது, நோயர்க்கு அருகிருந்து துணைசெய்வாரையும் ஒரு கூறாக எண்ணினார். அந்நான்காங்கூறு ஊரேயன்றி வேறு யார்?

அதனைச் செய்துகாட்டியதும் தமிழ்நாடே. 1980-இல் சாந்தி அரங்கநாதன் அவர்கள் சென்னையில் தொடங்கிய குடிநோய் மருத்துவமனையினர், அப்பத்தாண்டின் இறுதியில், இன்று திருவாரூர் மாவட்டத்திலுள்ள மஞ்சக்குடிக்குச் சென்று மருத்துவ முகாம் நடத்தினர். நோயரைத் தலைநகருக்கு இழுக்கவில்லை. ஊரார் துணையோடு, குடும்பத்தாரையும் உடன்வைத்து, ஊரிலேயே மருத்துவம் செய்தனர். குடியை விட்டவன் பிறகு வாழப்போவதும் அதே தெருவில்தானே!

இனி இளைஞர். 2022 ஆகத்து 11 அன்று தமிழ்நாட்டுப் பள்ளி, கல்லூரிகளில் மயக்கப் பொருளுக்கு எதிராக உறுதிமொழி எடுக்கப்பெற்றது. நன்று. ஆனால் மாலை ஐந்து மணிக்குமேல் அவ்வுறுதிமொழிக்கு இடம் எங்கே? திண்டிவனத்திலும் (புளியங்காடு என்பதை வடமொழியாக்கியதே அப்பெயர் என்பர்) விழுப்புரத்திலும் தெருவுக்கொரு படிப்பகமும் சடுகுடுக் களமும் சிலம்பப் பயிற்சியும் இருந்தால், கஞ்சா விற்பவன் நிற்க இடம் தேட வேண்டிவரும். கஞ்சாவொடு பிடிபட்ட மாணவனைப் பள்ளியை விட்டு விரட்டுவது விற்பவனிடமே அவனை ஒப்படைப்பதாகும். 1985-ஆம் ஆண்டு மயக்கப்பொருட் சட்டமே, அடிமைப்பட்டுச் சிறிதளவோடு பிடிபட்டவர் தாமே மருத்துவத்துக்கு முன்வந்தால் வழக்கினின்று விலக்களிக்க 64ஏ பிரிவில் வழிவைத்துள்ளது. சட்டத்துக்குள்ள இரக்கம் ஊருக்கு வேண்டாவா?

முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கின்றது. 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைப்பேசி எண்ணும் இருக்கின்றது. இல்லாதது, நோயரோடு பேருந்தேறி உடன்செல்லும் ஒருவர். தெருவுக்கு ஒருவராக அத்தகையோர் பெயர்களை இக்கூட்டம் கலையுமுன் எழுதித் தருக.