ஒரே பாடநூல், இரண்டு வாயில்கள்



1954 மே 17 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெள்ளையர்க்கு ஒரு பள்ளி, கறுப்பர்க்கு ஒரு பள்ளி என்னும் ஏற்பாடு செல்லாதெனத் தீர்த்தது. பிரித்து வைப்பதே சமமின்மை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

மூதூரில் அத்தகைய சட்டம் இல்லை. ஆயினும் அரசாங்கப் பாடசாலைகள் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்றே வகுக்கப்பட்டுள்ளன. இரு சாரார்க்கும் மொழி தமிழ்; சமயப் பாடம் நீங்கலாகப் பாடநூல் ஒன்று, பரீட்சை வினாத்தாளும் ஒன்று. நோன்பு மாத விடுமுறை வேறு!

முஸ்லிம் பெற்றோர் காரணமின்றித் தனிப் பாடசாலை கேட்டாரல்லர். மிஷன் பள்ளியிலும் சைவப் பள்ளியிலும் தம் பிள்ளைகள் மார்க்கத்தை இழப்பரோ என அஞ்சினர். 2018 இல் திருகோணமலைப் பாடசாலையொன்றில் ஆசிரியைகளின் அபாயா குறித்து எழுந்த பூசலைக் கண்டபின் அவ்வச்சத்தை எள்ள எவர்க்கு உரிமையுண்டு? அப்பூசல் வீதிக்கு வந்ததேன்? ஒருவரையொருவர் வகுப்பறையிற் கண்டிராமல் வளர்ந்தமையாலன்றோ?

1960களில் மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதி. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வரிசையில் நின்று இரண்டு உறுப்பினர்களைத் தெரிந்தனுப்பினர். வாக்களிக்கப் போதுமாயிருந்த வரிசை கல்விக்குப் போதாதா?

எப்பாடசாலையின் பெயரையும் அழிக்க வேண்டா. உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புகளையேனும் பொதுவாக நடத்துக. இரு சாராரின் ஆசிரியர்களும் சேர்ந்து கற்பிக்கட்டும். வெள்ளித் தொழுகைக்கு நேரம் ஒதுக்குக. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தார் ஒன்றுகூடி, இம்மாதத்துக்குள் வலயக் கல்வி அலுவலகத்துக்கு மனு அனுப்புவார்களாக.