சுண்ணாம்பு காத்த பேராலயம்



கோவாவின் தலைநகரான பணஜியிலிருந்து கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், மாண்டவி நதிக்கரையில் பழைய கோவா இருக்கிறது. ஒரு காலத்தில் பெருநகரமாக விளங்கி, கொள்ளைநோய்களுக்கு அஞ்சி மக்கள் விட்டகன்ற ஊர் அது. இன்று அங்கே எஞ்சி நிற்பவை பெரும்பாலும் ஆலயங்களே. அவற்றுள் மிகப் பெரியது புனித கத்தரீனாள் பேராலயம். 1562-இல் தொடங்கிய கட்டடம் 1619-இல் முடிவுற்றது. பலிபீடங்கள் 1652-இல்தான் நிறைவெய்தின. நீளம் சுமார் 76 மீட்டர், அகலம் 55 மீட்டர்.

மொழிபெயர்ப்பே எமது தொழில். முன்பொரு முறை, கட்டடங்கள் பற்றிய அலுவலகக் கோப்பு ஒன்றில், பராமரித்தல், பழுதுபார்த்தல் என்னும் இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டோம். கோப்பு சிவப்பு மையுடன் திரும்பி வந்தது. மேலதிகாரியின் வீண் பிடிவாதம் என்றே அன்று எண்ணினோம். பழைய கோவாவைக் கண்ட பின்னரே அந்தச் சிவப்பு மையின் நியாயம் எமக்கு விளங்கிற்று.

பேராலயத்தின் சுவர்கள் செம்புறைக்கல்லால் ஆனவை. மண்ணிலிருந்து வெட்டி எடுக்கும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டதும் இறுகும் கல் இது. வெட்டுவது எளிது, ஆனால் உடம்பெங்கும் துளைகள். கோவாவிலோ ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கே மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. துளையுள்ள கல் அத்தனை நீரையும் குடித்தால் என்னாகும்? கட்டியவர்கள் இதை அறிந்தே சுவருக்குச் சுண்ணாம்புக் காரை பூசி, அதன்மேல் வெள்ளையடித்தார்கள். காரை மழையின் அடியைத் தான் தாங்கிக்கொள்ளும். உள்ளே புகுந்த ஈரத்தையும் வெயில் நாளில் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அப்படி விடாது. ஈரம் உள்ளே சிறைப்பட்டு, உப்புப் பூத்து, கல்லையே உதிர்க்கும். காரை தேய்ந்துகொண்டே இருக்கும் என்பது மெய்தான். தேய்வதற்காகவே அதைப் பூசுகிறார்கள்! தேய்ந்த இடத்தில் மீண்டும் பூசிவிட்டால் கல்லுக்குக் கேடில்லை.

சாலையைக் கடந்தால் பொம் ஜேசு ஆலயம். நம் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய சவேரியாரின் உடல் இருப்பது இங்கேதான். 1605-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த ஆலயத்தின் வெளிச்சுவர்க் காரையை, 1950-களில், போர்த்துகீசிய ஆட்சியின்போது உரித்துவிட்டார்கள். பழமைத் தோற்றம் துலங்கட்டும் என்பது நோக்கமாம். செந்நிறச் சுவர் அழகாகத்தான் இருக்கிறது. முதலில் கண்டபோது பேராலயத்தின் வெண்மையைவிட அதுவே எம்மைக் கவர்ந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. அருகில் சென்று பார்த்தபோது கல்லின் முகம் அரிப்புண்டிருந்தது. மீண்டும் காரை பூச வேண்டும் என்ற கோரிக்கை 2020-இல் வலுவாக எழுந்தது. செந்நிறத்தோடு பழகிவிட்ட கண்கள் அதை எளிதில் ஏற்பதில்லை. பூசுவதே முறை என்பது எமது கருத்து. வண்ணப்படத்துக்கு அழகு குறையலாம், சுவர் நிற்கும்.

அருகிலுள்ள குன்றின்மேல் புனித அகுஸ்தினார் ஆலயத்தின் சிதைவைக் காணலாம். 1835-இல் அது கைவிடப்பட்டது. ஏழே ஆண்டுகளில், 1842-இல், மேல்வளைவு இடிந்து விழுந்தது. 1931-இல் முகப்பும் கோபுரத்தின் ஒரு பாதியும் சரிந்தன. மறு பாதி இன்னமும் வானை நோக்கி நிற்கிறது.

பேராலயத்துக்கும் ஓர் ஊனம் உண்டு. அதன் இரு கோபுரங்களுள் ஒன்று 1776-இல் வீழ்ந்தது. அதை மீண்டும் எழுப்பவில்லை. புதிதாகக் கட்டி இணை சேர்த்திருக்கலாமே என்று உடன் வந்த நண்பர் கேட்டார். அது புதுக்கட்டடம் ஆகுமேயன்றிப் பழுதுபார்த்தல் ஆகாது என்றோம், சற்றே மேலதிகாரியின் தோரணையில். எஞ்சிய தென்கோபுரத்தில் 'பொன்மணி' எனப் பெயர்பெற்ற பெருமணி தொங்குகிறது.

நாங்கள் புறப்படுகையில், பணியாளர் ஒருவர் ஏணிமேல் நின்று, சுவரின் இடுக்கில் முளைத்திருந்த அரசங்கன்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். தண்டு கையோடு வந்தது, வேர் வரவில்லை. அவர் இறங்கிச் சென்று ஒரு சிறிய உளியை எடுத்துக்கொண்டு மீண்டும் ஏறினார்.