பழைய லாரிகளின் முன்சக்கரக் கோளாறுகளைக் கண்டறியும் வகை



நெல்லும் கரும்பும் தேங்காயும் கிராமத்தைவிட்டுச் சந்தைக்குப் போவது பெரும்பாலும் லாரியிலேதான். அந்த லாரிகளுள் பல, நெடுஞ்சாலையில் வெகுகாலம் உழைத்து, இரண்டு மூன்று கை மாறிய பின்பு கிராமத்துக்கு வந்து சேர்ந்தவை. 1954-ஆம் வருஷத்தில் டாடா கம்பெனியார் ஜெர்மனியிலுள்ள டெய்ம்லர்-பென்ஸ் கம்பெனியாருடன் கூடி ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கினர். 1955-இல் எண்ணூர்த் தொழிற்சாலை அசோக் லேலண்ட் என்னும் பெயரைப் பெற்றது. இவ்விரண்டு இடங்களிலிருந்தும் பல்லாண்டுகள் வெளிவந்த சாதாரண பார லாரிகளின் முன்பாகம் ஏறக்குறைய ஒரே அமைப்புடையது. குறுக்கே ஒரே துண்டான எஃகு அச்சு. அதன்மேல் இருபுறமும் பட்டைக் கட்டு. அச்சின் இரு நுனியிலும் கிங்பின் என்னும் முளை. அம்முளையைச் சுற்றியே சக்கரம் இடமும் வலமும் திரும்புகிறது. இரு சக்கரங்களையும் சேர்த்து நடத்துவது டை ராடு.

இடது முன்டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொந்தக்காரர் புது டயர் போடுகிறார். அலைன்மென்ட் பார்க்கச் செய்கிறார். சில வாரங்களில் புது டயரும் அதே விதமாகத் தேய்கிறது. குற்றம் டயரில் இல்லை. கிங்பின்னைச் சுற்றியுள்ள புஷ் தேய்ந்து இடம் கொடுத்துவிட்டால், பாரம் ஏறியதும் சக்கரத்தின் தலை உட்புறமாகச் சாய்ந்துவிடும். தேய்ந்த உறுப்புக்களை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது, ஆடுகிற முளையில் கயிற்றை இறுக்கிக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆகையால் முதலில் டயரைப் பார்க்க வேண்டும். உள்ளங்கையை டயரின்மேல் குறுக்கே தடவினால், ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பப் பல்போல் கூர்மையாகவும் இருக்கக்கூடும். அப்படியிருந்தால் சக்கரங்கள் நேராக உருளாமல், பக்கவாட்டில் உராய்ந்துகொண்டே போகின்றன என்பது தெளிவு. கை உள்ளிருந்து வெளியே வரும்போது கூர் தட்டினால், சக்கரங்களின் முன்பக்கம் அளவுக்கு மிஞ்சி உட்புறம் நோக்குகிறது. வெளியிலிருந்து உள்ளே போகும்போது தட்டினால் வெளிப்புறம் நோக்குகிறது.

பிறகு சமதரையில் லாரியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்னச்சை ஜாக்கியால் தூக்க வேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பி எவரும் கீழே போகலாகாது. அச்சின் அடியில் உறுதியான தாங்கு கொடுத்தபின்பே போகலாம். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்க்கையில் ஆட்டம் தெரிந்தால், அது பேரிங்கினாலும் இருக்கலாம், கிங்பின்னாலும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய எளிய உபாயம் உண்டு. ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்க, மற்றவர் மறுபடி ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் பேரிங்கில், நிற்காவிடில் கிங்பின்னில். டயரின் அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பும்போது சக்கரம் மேலெழுந்து விழுந்தால், பாரம் தாங்கும் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

டை ராடின் முனைகளைச் சோதிப்பதில் அலட்சியம் கூடவே கூடாது. சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டீரிங்கைச் சிறிது சிறிதாக இருபுறமும் அசைக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டின்மேலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தோன்றாத தளர்ச்சியும் விரலுக்குத் தோன்றும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பலாப்பழமும் வாழைத்தாரும் ஏற்றி இறங்கும் லாரியின் மூட்டு ஒன்று அங்கே கழன்றால், சக்கரங்கள் இரண்டும் டிரைவரின் கைக்கு அடங்கா. மூட்டைகளின்மேல் உட்கார்ந்துவரும் கூலியாட்களின் உயிரும் அந்த மூட்டில்தான் தொங்குகிறது. வளைந்த டை ராடை உலையில் காய்ச்சி நிமிர்த்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது மகா தவறு. மாற்றியே தீர வேண்டும்.

வண்டி ஒரே பக்கமாக இழுத்தால் பட்டைகளைக் கவனிக்க வேண்டும். நடுவிலுள்ள சென்டர் போல்ட் முறிந்தால், அச்சின் ஒரு பக்கம் பின்னுக்கு நகர்ந்துவிடலாம். முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை இருபுறமும் கயிறு பிடித்து அளந்தால் உண்மை தெரிந்துவிடும். தூரம் குறைந்த பக்கமாகவே வண்டி இழுக்கும். காற்றுக் குறைந்த டயரும், ஒரு பக்கத்தில் மட்டும் பிடிக்கும் பிரேக்கும் இதே குறியைக் காட்டுமாதலால், அவற்றை முன்னரே பார்த்துவிடுவது நல்லது.

பழுதானவற்றை மாற்றியபின் அலைன்மென்ட் பார்க்கலாம். இதற்குச் சாக்குக் கட்டியும் அளவு நாடாவும் போதும். தூக்கிய சக்கரத்தைச் சுழற்றி, டயரின் நடுவே கோடு விழச் செய்து, வண்டியை இறக்கிச் சிறிது உருட்ட வேண்டும். அச்சின் உயரத்தில், சக்கரங்களின் பின்புறத்தில் இரு கோடுகளில் குறியிட்டு அளந்துகொண்டு, அக்குறிகள் முன்னே வரும்வரை வண்டியை உருட்டி மறுபடி அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் சில மில்லிமீட்டரே இருக்கலாம். சரியான அளவை அந்தந்த லாரியின் கையேட்டில் பார்த்து வைக்க வேண்டும்.

மாட்டுவண்டி அச்சுக்குத் தவறாமல் மை போடுகிறவர், லாரியின் கிங்பின்னுக்குக் கிரீஸ் அடிக்க மறந்துவிடுகிறார். அதையும் பாரம் தரையில் அழுந்தியிருக்கும்போது அடித்தால், மேற்பாரம் தாங்கும் இடத்துக்குள் கிரீஸ் நன்றாகப் புகாது. அச்சை ஜாக்கியால் தூக்கி, பழைய கிரீஸ் வெளியே வந்து புதியது தலைகாட்டும்வரை அடிக்க வேண்டும்.