திரையா? திண்ணையா?

    

கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது, வீட்டில் இருந்த சின்னப் பிள்ளைக்குக் கல்வியைக் கொண்டுவந்து சேர்த்தது திரையா, திண்ணையா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் கல்லூரிப் பேராசிரியர். 'உள்ளங்கைக்குள்ளே உலகமே வந்துவிட்டது' என்று முழங்கினார். வந்துடுச்சுங்க ஐயா, நான் இல்லேன்னு சொல்லலே. ஆனா நீங்க பேசினது காலேஜ் பிள்ளையைப் பத்தி. காலேஜ் பையன் கையிலே போனைக் கொடுத்தா படிப்பான்... சரி, படிப்பான்னே வச்சுக்குவோம்! (சிரிப்பு) நான் பேச வந்தது ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையைப் பத்தி. அதுக்கு இன்னும் எழுத்தே தெரியாது. திரையிலே 'இங்கே அழுத்தவும்'னு எழுதியிருக்கு. அதைப் படிக்கத் தெரிஞ்சா, அந்தப் பிள்ளை எதுக்குங்க ஒண்ணாங்கிளாஸுக்கு வரணும்? (கைதட்டல்)

நான் ஆவடிக்குப் பக்கத்திலே கோவில்பதாகைக்காரி. 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலராக இருந்து, சாயங்கால நேரத்தில் இருபது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். எங்கள் ஊரிலே இப்ப திண்ணை வச்ச வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். அதனாலே முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவர் அவர்களே! திண்ணை என்று எங்கள் அணி சொல்வது சிமெண்டு மேடையை அல்ல. பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிற ஓர் ஆளை.

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 2020 மார்ச்சில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. பத்தொன்பது மாதத்துக்கு மேலே! 2020இல் ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, வகுப்பறை வாசலை மிதிக்காமலே தேர்ச்சி பெற்று, ரெண்டாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் முதன்முதலாகப் பள்ளியில் உட்கார்ந்தது. உயிரெழுத்து பழகுகிற வயசு முழுக்க வீட்டிலே போச்சுங்க.

அரசாங்கம் சும்மா இருந்ததா? இல்லை. நியாயத்தைச் சொல்லணும். 2019 ஆகஸ்ட் 26ஆம் தேதியே கல்வித் தொலைக்காட்சி தொடங்கியாச்சு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலே படப்பிடிப்பு நடத்தி, நல்ல ஆசிரியர்களை வைத்து, வீடு வீடாகப் பாடத்தை அனுப்பினார்கள். பாடப் புத்தகத்திலேயே க்யூ.ஆர். கோடு போட்டுக் கொடுத்தார்கள். போனைக் காட்டினால் பாடம் ஓடும்.

ஆனா நடுவர் அவர்களே, அந்தப் போன் எங்கேங்க இருந்துச்சு? எங்க பக்கத்திலே பல வீட்டிலே ஒரே ஒரு டச் போன்தான். அது அப்பா சட்டைப் பையிலே இருக்கும். காலையிலே ஒன்பது மணிக்கு டீச்சர் பாடத்தை அனுப்பினா, பாடம் அப்பாவோட அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போயிடும்! (பலத்த சிரிப்பு) ராத்திரி ஓவர்டைம் முடிச்சு பாடம் வீட்டுக்கு வரும். பிள்ளை தூங்கியிருக்கும். (கைதட்டல்)

சரி, போன் வீட்டிலேயே இருக்கு, டிவியும் ஓடுதுன்னு வச்சுக்குவோம். திரையிலே டீச்சர் மூணு சுழி 'ண' எழுதிக் காட்டுறாங்க. பிள்ளை நோட்டிலே ரெண்டு சுழி போடுது. திரை என்ன சொல்லும்? 'மிக நன்று குழந்தைகளே, அடுத்த எழுத்துக்குப் போவோம்'னு சொல்லும்! (சிரிப்பு) கையைப் பிடிச்சு, 'இன்னொரு சுழி இருக்குடா கண்ணு'ன்னு சொல்ல அங்கே யாருமே இல்லே.

கணக்குக்கு வருவோம். ஐம்பத்திரண்டிலே முப்பத்தேழு போனால் எவ்வளவு? பதினைந்து. என்னிடம் வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் இருபத்தைந்து என்று எழுதினார்கள். செயலியில் போட்டால் சிவப்பிலே ஒரு பெருக்கல் குறி வரும், அவ்வளவுதான். நான் பக்கத்திலே உட்கார்ந்து, 'எப்படிம்மா போட்டே?'ன்னு கேட்டேன். அந்தப் பாப்பா சொல்லுது: 'அக்கா, பெரிசிலேருந்துதானே சின்னதைக் கழிக்கணும்? ஏழு பெரிசு, ரெண்டு சின்னது. அஞ்சு!' எவ்வளவு ஒழுங்கான யோசனை, பாருங்க! பிள்ளை முட்டாள் இல்லீங்க. கடன் வாங்கிக் கழிக்கிறதை மட்டும் யாரும் காட்டித் தரலே. புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாக் குமிச்சு வச்சு, ஒரு குமியை உடைச்சுக் காட்டினேன். மூணே நாளிலே பிடிச்சுக்கிட்டா. தப்பு எங்கே நடந்ததுன்னு கேட்க ஓர் ஆள் வேணும், நடுவர் அவர்களே! (கைதட்டல்)

'அப்படியானால் நீங்கள் கருவிக்கே விரோதியா?' என்று எதிரணி கேட்கும். ஐயா, எங்க ஆவடி 1965லேயே விஜயந்தா டேங்க் செஞ்ச ஊரு. கருவியோட அருமை எங்களுக்குத் தெரியாதா? ஆனா அந்த டேங்கும் உள்ளே ஆள் ஏறி உட்கார்ந்தாத்தான் நகரும்! (பலத்த கைதட்டல்)

ஆப்பிரிக்காவிலே போட்ஸ்வானா என்று ஒரு நாடு. 2020இல் அங்கேயும் பள்ளிகளை மூடினார்கள். மூன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்த சுமார் 4,500 குடும்பங்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். சாதாரண போன்தான். சில வீடுகளுக்கு வாரந்தோறும் கணக்குகளைக் குறுஞ்செய்தியில் அனுப்பினார்கள். சில வீடுகளுக்குச் செய்தியோடு, ஒருவர் வாரந்தோறும் கூப்பிட்டு, பதினைந்து இருபது நிமிஷம் பெற்றோரோடும் பிள்ளையோடும் பேசிக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆள் கூப்பிட்டுப் பேசிய வீட்டில்தான் பிள்ளை தெளிவாக முன்னேறியது. அதே போன்தாங்க! அதுக்குள்ளே ஒரு மனுஷக் குரல் இருந்துதா, இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

நம்ம ஊருக்கு வாருங்கள். பள்ளியில் சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். வாங்க வந்த தாயிடம், 'பிள்ளை நோட்டைக் கொண்டாம்மா, பார்க்கிறேன்' என்று கேட்ட ஆசிரியர்கள் இருந்தார்கள். தெருவிலே மரத்தடியிலே நாலு பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி உட்காரவைத்துப் பாடம் சொன்னவர்களும் உண்டு. பிறகு 2021 அக்டோபர் 27ஆம் தேதி, விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கிவைத்தார். பிறகு மாநிலம் முழுக்க வந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அந்தத் தொகைக்காகவா வந்தோம்? அடுத்த வீட்டுப் பிள்ளை எழுத்துத் தெரியாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்துத்தானே வந்தோம்!

'இதெல்லாம் உணர்ச்சி, ஆதாரம் எங்கே?' என்பார் பேராசிரியர். தருகிறேன் ஐயா. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில், 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளை விட இவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். தமிழை விடக் கணக்கில் இழப்பு அதிகம். அந்தப் பத்தொன்பது மாதமும் திரை ஓடிக்கொண்டுதான் இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்! பள்ளி திறந்து ஆறு மாதத்தில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. திரும்பி வந்ததில் ஏறக்குறைய கால்பங்கு இல்லம் தேடிக் கல்வியால் என்று கணக்கிட்டார்கள். வகுப்பறை ஆசிரியரும் மனிதர், சாயங்கால அக்காவும் மனிதர். மீட்டுக்கொடுத்தது ஆள்தான், ஐயா! (கைதட்டல்)

இதை ஏன் இப்போது பேசுகிறோம்? கொரோனா போயிடுச்சே என்று நினைக்காதீர்கள். 2015இல் வெள்ளம் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்க பக்கம் ஏரி நிரம்பினாலே பெத்தவங்க பள்ளிக்கூட வாசலைத்தான் பார்ப்பாங்க. இனி எப்போ பள்ளி மூடினாலும், 'லிங்க் அனுப்பிட்டோம், கடமை முடிஞ்சுது'ன்னு சொல்லிடற ஆபத்து இருக்கு. லிங்க் போய்ச் சேர்ந்தாப் பாடம் போய்ச் சேர்ந்ததா அர்த்தமா?

அதனால் நான் கேட்பது பெரிய வசதி அல்ல. ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் இன்றைக்கே ஒரு நோட்டு போடட்டும். எந்தப் பிள்ளை வீட்டில் படிக்கத் தெரிந்தவர் யார்? போன் எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும்? அந்தத் தெருவில் சொல்லிக்கொடுக்க வரக்கூடியவர் யார்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் இருந்தால், அப்புறம் நீங்க டிவியில் அனுப்புங்க, போனில் அனுப்புங்க, பாடம் பிள்ளையிடம் போய்ச் சேரும்.

பாடத்தைத் தெருமுனை வரைக்கும் கொண்டுவந்தது திரை. தெருமுனையிலிருந்து பிள்ளையின் விரல் நுனிக்குக் கொண்டுபோனது எங்கள் திண்ணை. எனவே திண்ணையே என்று நல்ல தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.